வாசலில் வைத்த ராக் ரோஸ்

1

எனக்கு வயது எழுபத்து மூன்று. நான்கு பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றது, நான்காவது என் நாத்தனார் விட்டுப்போன பையன். நால்வரும் நன்றாக இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது பிள்ளைகளைப் பற்றி இல்லை. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத ஒரு செடியைப் பற்றி.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிவிடுகிறது. ஆகட்டும். இங்கே எனக்கு என்ன அவசரம்? விருத்தாசலத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் நீங்களும் நிதானமாகவே படியுங்கள்.

மெல்பர்னில் என் கடைசி மகள் கலா வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன மறு வருஷம் வந்தேன், ஏழு வருஷம் ஆகிறது. கலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு வேலை வேறு ஊரில், மாதம் ஒருமுறை வந்து போவார். பேத்தி இனியாவுக்குப் பதினைந்து வயது. காலையில் இருவரும் கிளம்பிப் போய்விட்டால் நானும் வீடும்தான்.

கவுன்சிலிலிருந்து எனக்கு ஒரு காகிதம் கிடைத்து இன்றோடு ஒரு வருஷம். கவுன்சில் என்றால் நம் ஊர் நகராட்சி மாதிரி. ஊரில் இது ஐப்பசி, நீங்கள் குடையோடு அலைவீர்கள். இங்கே இது பூக்காலம். இன்று காலை எண்ணிப் பார்த்தேன், மூன்று செடியிலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பூ. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் செடியைக் கொன்றது நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

இங்கே அன்னையர் தினம் என்று ஒன்று கொண்டாடுகிறார்கள். அதற்குக் கலா ஒரு சின்னத் தொட்டிச் செடி வாங்கி வந்தாள். சாம்பல் பூத்த பச்சை இலை. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். முகர்ந்து பார்த்தால் சாம்பிராணிப் புகை போட்ட மாதிரி ஒரு வாசனை. பூ ஒன்றே ஒன்று இருந்தது. வெள்ளை. இஸ்திரி போடாத பாப்ளின் துணி மாதிரி கசங்கின இதழ் ஐந்து, ஒவ்வொன்றின் அடியிலும் அரக்குச் சிவப்பில் ஒரு பொட்டு.

செடியில் மாட்டியிருந்த அட்டையை இனியா படித்தாள். "ராக் ரோஸ், ஆயா."

ராக் என்பது எனக்குக் காதில் நிற்கவில்லை. ரோஸ் நின்றுவிட்டது. ரோஜாவை வளர்க்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஊரில் நான் வேலை செய்த செராமிக் கம்பெனிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் நான் வைத்த பன்னீர் ரோஜா ஓட்டுக் கூரை வரைக்கும் ஏறி நின்றது. அந்தத் தெருவில் மஞ்சள் நீராட்டு என்றால் பூவுக்கு என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

ஆகவே இந்த ரோஸுக்கும் எல்லாம் செய்தேன். டீத்தூள் சண்டு, முட்டை ஓடு, வெங்காயத் தோல் ஊறின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. மாதம் ஒன்று போனதும் ரோஜாவுக்குக் கவாத்து செய்வதுபோல அடியோடு ஒட்ட வெட்டிவிட்டேன், நன்றாகத் துளிர்க்கட்டும் என்று.

துளிர்க்கவில்லை. கறுத்தது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அழுகின வெங்காயம் மாதிரி நாற்றம்.

பக்கத்து வீட்டு சோஃபியா வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். அவளுக்கு என்னைவிட நாலு வயது கூட. கிரேக்க நாட்டில் ஒரு தீவிலிருந்து கல்யாணமாகி வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனவள். அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே மாதிரி அரைகுறை. அதனால்தான் எங்களுக்குள் பேச்சு நன்றாகப் புரியும்.

"ஏன் கொன்னே?" என்றாள்.

"கொல்லல. சாப்பாடு போட்டேன்."

"அதுக்குச் சாப்பாடு போட்டியா?" அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க தீவுல இது மலைமேல கெடக்கும். பாறை சந்துல. ஆடு மிதிக்கும். ஆறு மாசம் மழை கெடையாது. யாரு போயி சோறு போட்டா?"

"பேரு ரோஸுதானே?"

"ரோஸு இல்ல. பேருதான் ரோஸு."

அன்று மாலை கலா வேலை முடிந்து வந்ததும் இந்தப் பேச்சைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வளர்த்து எதுவும் செத்ததில்லை என்று பேர் எடுத்தவள். எனக்கு அது ஒரு குத்தாக இருந்தது.

3

சோஃபியா தன் தோட்டத்தில் அதே ஜாதிச் செடியிலிருந்து மூன்று குச்சி ஒடித்து, மணலில் வேர் பிடிக்க வைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே விரலை ஆட்டி மிரட்டினாள். "நோ வாட்டர். நோ டீ. நோ எக்."

எங்கே வைப்பது? கலா வீட்டுக்கு முன்னால் முழுக்க சிமெண்டு, அதில் கார் நிற்கும். அதைத் தாண்டி ஆட்கள் நடக்கிற பாதை. அந்தப் பாதைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு மண் பட்டை ஓடும். எல்லா வீட்டு முன்னாலும் அதில் புல் வளர்த்து வெட்டுவார்கள். எங்கள் வீட்டு முன்னால் மட்டும் புல் காய்ந்து மொட்டையாகக் கிடந்தது. தினமும் காலையில் நான் பெருக்குகிற இடம் அது. என் வாசல். அங்கே வைப்பது என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மண்ணை ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டினேன். முறுக்கு மாதிரி நீளமாக வந்தது, வளைத்தாலும் வெடிக்கவில்லை. சுத்தக் களிமண். மழைக்காலத்தில் தண்ணீர் அதில் நின்றுகொண்டே இருக்கும், வேர் மறுபடி அழுகும். ஆனால் களிமண் எனக்குப் பழைய சிநேகிதம். அதை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று சோஃபியாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நான் செய்தது பிசிறு எடுக்கிற வேலை. அச்சிலிருந்து வருகிற பொம்மையோ ஃபியூஸ் கட்டையோ, அதன் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்துக் காய வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில்தான் எங்களுக்குச் சோதனை. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் சூளையில் பட்டென்று வெடிக்கும், பக்கத்தில் இருக்கிறதையும் கெடுக்கும். ஈரம் இருக்கிறதா என்று கையால் தெரியாது. கை வேலை செய்து மரத்துப் போயிருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜில்லென்றால் ஈரம். கன்னத்துக்கு ஒன்றும் தெரியாவிட்டால் காய்ந்தது. மேஸ்திரி அவசரப்பட்டு, "போதும், எல்லாம் காஞ்சிடுச்சு, ஏத்து" என்று சொன்ன நாளில் நான் ஏற்ற மாட்டேன் என்று நின்றிருக்கிறேன். "தனபாக்கியம் கன்னத்தைக் கேட்டுட்டு ஏத்துங்க" என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

களிமண் தனியாக இருந்தால் ஈரத்தை விடாது. சுட்ட மண்ணை உடைத்துக் கலந்தால் விடும். சூளையில் உடைந்ததைப் பொடித்து மறுபடி கலவையில் சேர்ப்பார்கள், அது அதற்குத்தான். ஆகவே கலா வீட்டில் காது போன காபிக் கப்பு, விரிசல் விட்ட தட்டு எல்லாவற்றையும் பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கினேன். போதவில்லை. சோஃபியா தன் வீட்டிலிருந்து ஒரு கூடை கொண்டுவந்தாள். அதில் உடையாத தட்டும் நாலைந்து இருந்தன. "இது நல்லா இருக்கே" என்றேன். "மாமியார் கொடுத்தது. உடை" என்றாள்.

இரண்டு அடி பள்ளம் தோண்டி, அந்த நொறுக்கலையும் மணலையும் களிமண்ணையும் கலந்து மேடாக்கினேன். மேலே பாறைக் கற்கள். நல்ல கனமான கற்கள், வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தவை. கல்லுக்கு நடுவே மூன்று செடி. வைத்த அன்று ஒரு சொம்பு தண்ணீர். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் சொம்பை எடுக்கத் துடிக்கும் கையைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்றிருந்தால் சொம்பைத் தொட மாட்டேன். நடைபாதையில் நாயோடு போகிறவர்கள் ஒரு கிழவி கல்லைக் கொஞ்சுகிறாள் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். போகட்டும்.

மழைக்காலம் முழுதும் ஒரு இலை கறுக்கவில்லை. வெயில் காலத்தில் ஊரே காய்ந்தபோது அது மட்டும் சாம்பிராணி மணத்தோடு நின்றது.

4

அடுத்த பூக்காலம் வருகிற நேரத்தில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. கலா படித்துவிட்டு மேஜையில் போட்டாள்.

"அந்த எடம் கவுன்சிலோடதாம். கல்லு வெச்சது தப்பாம். நாலு வாரத்துல எடுக்கணுமாம், இல்லன்னா அவங்களே வந்து வாரிட்டுப் போயிடுவாங்களாம்."

"செடியையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏம்மா, எனக்கு ஏற்கனவே இருக்கிற வேலை பத்தாதா? புடுங்கிப் போட்டுடு. தொட்டியில வெச்சிக்கலாம்."

சோஃபியாவிடம் ஓடினேன். அவள் தலையை ஆட்டினாள். இந்தச் செடி ஒரு இடத்தில் வேர் விட்டுவிட்டால் பிறகு பெயர்த்தால் பிழைக்காது என்றாள். "நம்மள மாதிரி இல்ல" என்றும் சொன்னாள்.

மொட்டு கட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை கொன்றாகிவிட்டது, மறுபடியும் என் கையால் பிடுங்க முடியாது என்று கலாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கவுன்சிலுக்குப் போன் போட்டு, ஆளை அனுப்பி ஒரு தடவை பார்க்கச் சொன்னாள்.

வந்தது ஒரு சின்னப் பெண். மஞ்சள் மேல்சட்டை, கையில் காகிதம் செருகி எழுதுகிற அட்டை. கலா டூட்டியில் இருந்தாள். இனியாதான் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னாள். நான் பள்ளம் தோண்டினதிலிருந்து ஆரம்பித்து, களிமண், கப்பு, மழை, வெயில் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். இனியா அந்தப் பெண்ணிடம் திரும்பி நாலு வார்த்தை சொன்னாள்.

"நான் அவ்ளோ பேசினேன். நீ நாலு வார்த்தையில முடிச்சிட்டியே?"

"மெயின் பாயிண்ட் சொல்லிட்டேன், ஆயா."

"என்னா மெயினு?"

"உனக்கு இந்தச் செடி புடிக்கும்னு."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். இது யார் இடம் என்று நினைத்து வைத்தீர்கள் என்று கேட்பதாக இனியா சொன்னாள்.

"எங்க வாசல்னு நெனச்சி வெச்சேன். சொல்லு."

இனியா சொன்னாள். அந்தப் பெண் திரும்பி எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள்.

"என்னாடி சொன்னே?"

"டோர்னு சொன்னேன். வாசல்னா டோர்தானே?"

"டோரு கதவுடி. வாசல்னா..." எனக்கும் சட்டென்று வரவில்லை. படியில் இறங்கி, சிமெண்டைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி ரோட்டு ஓரம் வரைக்கும் நடந்து காட்டினேன். "இதோ, இதுவரைக்கும். காலையில பெருக்கற எடம். தண்ணி தெளிக்கற எடம். கோலம் போடற எடம். யாராச்சும் ஊருக்குப் போனா அவங்க முக்கு திரும்பற வரைக்கும் நின்னு பாக்கற எடம். பத்திரத்துல நம்ம பேருல இருக்காது. ரோட்டுல போறவன்லாம் மிதிச்சிட்டுதான் போவான். ஆனா அது குப்பையா கெடந்தா வூட்டுக்காரியதான் ஏசுவாங்க."

இனியா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்தாள். இந்தத் தடவை நாலு வார்த்தை இல்லை. கையை நீட்டி நீட்டிப் பேசினாள், நான் நடந்த மாதிரியே நடந்தும் காட்டினாள். அவள் எனக்காக அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. வீட்டில் கேட்டதற்கு ஓகே என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிற பெண்.

மஞ்சள் சட்டைக்காரி அட்டையில் என்னவோ எழுதினாள். எழுதிக்கொண்டே பதில் சொன்னாள்.

"என்னாவாம்?"

"சட்டத்துல அப்படி வார்த்தை இல்லையாம், ஆயா. ஆனா இந்த எடம் கவுன்சிலோடது, சுத்தமா வெச்சிக்கிற பொறுப்பு மட்டும் வூட்டுக்காரங்களோடதாம். அப்படித்தான் சட்டமாம்."

"அதைத்தானேடி நானும் வாசல்னு சொல்றேன்."

இனியா அதையும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

சிரித்தாலும் சட்டத்தை விடவில்லை. செடி வைக்க அனுமதி உண்டு, அதற்குப் பெர்மிட் வாங்க வேண்டும். செடி அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கல் ஒன்றுகூடத் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, யாராவது தடுக்கி விழுந்தால் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். நாலு வாரத்தில் திரும்ப வந்து அளப்பேன், சரியில்லை என்றால் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5

மேட்டைத் தரையாக்க வேண்டும், ஆனால் வேரைத் தொடக்கூடாது. மூன்று செடிக்கும் ஒரு முழம் சுற்றி விட்டுவிட்டு, வெளியே இருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் அதன் அளவுக்குக் குழி எடுத்து உள்ளே இறக்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு கல், மூன்று கல். சோஃபியா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கைத்தடியால் இடம் காட்டுவாள். கலா முதல் வாரம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் லீவு நாளில் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்து, "தள்ளு, இடுப்பு புடிச்சிக்கப் போவுது" என்று சொல்லிப் பெரிய கல்லை அவளே புரட்டினாள்.

எனக்கு இருந்த ஒரே பயம் உயரம். நான்காவது வாரம் மொட்டெல்லாம் திமிறிக்கொண்டு நின்றன. இனியாவின் ஸ்கேலால் தினமும் அளந்தேன்.

மஞ்சள் சட்டைக்காரி அளக்க வருகிற அன்று காலை முப்பது பூவாவது இருக்கும், வெள்ளை வெளேரென்று. பத்து மணிக்கு வருவாள் என்று சொன்னார்கள். வந்தது நாலு மணிக்கு. இந்தப் பூவுக்கு ஒரு நாள்கூட ஆயுசு இல்லை, மத்தியானத்துக்கு மேல் உதிர்ந்துவிடும். தலையில் வைக்க முடியாது, சாமிக்குச் சாயங்காலம் போட முடியாது. அவள் வந்தபோது இதழ் எல்லாம் தரையில் கிடந்தது. செடி வெறுமனே பச்சையாக நின்றது.

பூவைக் காட்டி மயக்கலாம் என்று நினைத்திருந்தேன். சரி, அளக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கலா நகத்தைக் கடித்தாள்.

அந்தப் பெண் முதலில் பூட்ஸ் காலால் கற்களை ஒவ்வொன்றாக மிதித்தாள். ஒன்றும் ஆடவில்லை. ஒரு இரும்புக் கம்பியைப் படுக்க வைத்துப் பார்த்தாள். எதுவும் தூக்கலாக இல்லை. பிறகு டேப்பை நீட்டினாள். முதல் செடி முப்பத்தொன்பது சென்டிமீட்டர். இரண்டாவது நாற்பத்திரண்டு. ரோட்டுப் பக்கம் இருந்தது நாற்பத்தாறு. அரை மீட்டருக்கு நாலு குறைவு. இந்த ஜாதியே குட்டை என்று முதல் செடியில் மாட்டியிருந்த அட்டையில் போட்டிருந்ததாக இனியா சொன்னதை அன்றுதான் நான் முழுதாக நம்பினேன்.

மண்ணுக்கடியில் என்ன போட்டீர்கள், கல் இப்படி உட்கார்ந்திருக்கிறதே என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு எனக்கு இனியா வேண்டியிருக்கவில்லை. "கப்" என்றேன். "பிளேட். ஹிஸ் மதர் இன் லா பிளேட்." சோஃபியாவைக் காட்டித்தான் சொன்னேன். இனியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஹிஸ் இல்ல ஆயா, ஹர்." சோஃபியா, "கரெக்ட், கரெக்ட்" என்றாள்.

மஞ்சள் சட்டைக்காரி பெர்மிட் காகிதத்தை அங்கேயே எழுத ஆரம்பித்தாள். பேர் கேட்டதும் கலா முன்னால் வந்தாள், வீடு அவள் பேரில் இருக்கிறதே. அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். செடியைப் பார்த்துக்கொள்வது யார்?

கலா திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மாதான்" என்றாள். தமிழிலேயே சொல்லிவிட்டாள், பாவம்.

ஊரில் பட்டா மாமனார் பேரில். கரண்டு பில் என் வீட்டுக்காரர் பேரில். கம்பெனியில் நான் ஒரு டோக்கன் நம்பர். இந்த நாட்டுக்கு வந்தபின் எத்தனையோ காகிதத்தில் என் பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அதற்குப் பக்கத்தில், மகளைச் சார்ந்தவர் என்று போட்டிருக்கும் என்று இனியா படித்துச் சொல்லியிருக்கிறாள். இதில் அப்படி எதுவும் இல்லை. தனபாக்கியம், பொறுப்பாளர். அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடச் சொன்னாள். தமிழில் போடலாமா என்று கேட்கச் சொன்னேன். போடலாம் என்றாள். ஏழு எழுத்தும் அதில் இரண்டு புள்ளியும் போட எனக்கு நேரம் ஆனது. அவள் அட்டையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

6

இந்த ஒரு வருஷத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு என் செடியிலிருந்து குச்சி போயிருக்கிறது. வாங்க வருகிறவர்களிடம் நானும் விரலை ஆட்டுகிறேன். நோ வாட்டர், நோ டீ, நோ எக். மஞ்சள் சட்டைக்காரியும் ஒன்று வாங்கிப் போனாள். தண்ணீர் ஊற்றி அழுகவிட்டாள். போன மாதம் வந்து இன்னொன்று வாங்கிப் போனாள். நானே ஒடித்துக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று செத்ததே. பெர்மிட்டை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நேற்றுப் புதுப்பித்தாகிவிட்டது, மறுபடியும் என் கையெழுத்தில்.

எழுதினது சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இனியா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறாள். அவளும் மெதுவாகத்தான் படிப்பாள், நானும் மெதுவாகத்தான் எழுதினேன், இரண்டுக்கும் சரியாகப் போய்விடும். கூப்பிடுகிறேன்.

இனியா, அந்தப் போனை வெச்சிட்டு இங்க வா. பக்கத்துல உக்காரு. இதை மொதல்லேந்து படி. எழுத்து தப்பா இருந்தா அங்கேயே நிறுத்திச் சொல்லு, திருத்திக்கிறேன். பெருமை அடிச்சிருக்கிற எடம் வந்தா தாண்டிப் போயிடாதே. அங்க மட்டும் இன்னும் கொஞ்சம் நிதானமா படி.